20 நிமிடத்தில் தூங்கிப்போகும் ஹார்டு டிஸ்க்: மிச்சமும் தேய்மானமும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பேனல், அதற்குள் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று மூன்று வாசல் தாண்டிப் போனால் 'ஹார்டு டிஸ்க்' என்று ஒரு வரி கிடக்கும். அதை விரித்தால், வழக்கமாக இருக்கும் பேலன்ஸ்டு திட்டத்தில், மின் இணைப்பில் ஓடும்போது 20 நிமிடம், பேட்டரியில் ஓடும்போது 10 நிமிடம் என்று போட்டிருக்கும். அவ்வளவு நேரம் யாரும் எதையும் படிக்கவோ எழுதவோ இல்லையென்றால் டிஸ்க்கின் மோட்டாரை நிறுத்திவிடு என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வாங்கிப் பத்து வருடம் ஆனவர்கள்கூட இந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் விளைவை அனுபவிக்காதவர்கள்தான் குறைவு.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன் நான். எனக்கு வரும் புகார்களில் இரண்டு மாறுவதே இல்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் சொல்வது: "அண்ணே, பழைய ஆல்பம் இருக்கிற டிஸ்க்கைத் திறந்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. டீ சொல்லிவிட்டு வந்தால்தான் ஃபோல்டர் தெரிகிறது." டி.டி.பி. கடைக்காரர்கள் சொல்வது: "உள்ளே டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் போகப்போகிறதா?" முதலாவது, நின்ற மோட்டார் மறுபடி கிளம்புவதால் வருவது. இரண்டாவது, பெரும்பாலும், தட்டில் படித்து எழுதும் முனையான ஹெட் ஒதுங்குவதும் திரும்பி வருவதுமாக இருப்பதால் வருவது. இரண்டும் மின்சேமிப்பு ஏற்பாடுகள்தான், ஆனால் தனித்தனி ஏற்பாடுகள். இது பிடிபடாமல் செட்டிங்கில் கைவைக்கிறவர்கள் ஒன்றைச் சரிசெய்யப்போய் மற்றதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பில் கணக்கைப் பார்த்துவிடலாம். "கரண்ட் மிச்சம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க், வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது 4 முதல் 5 வாட் வரை இழுக்கும். மோட்டார் நின்றபின் ஒரு வாட்டுக்கும் கீழே. மிச்சம் சுமார் 4 வாட். நாளுக்கு 20 மணி நேரம் நிறுத்தியே வைத்தாலும், ரீடிங் எடுக்கிற இரண்டு மாதத்தில் சேர்வது 4.8 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40 ரூபாயைத் தொடாது. 75 வாட் சீலிங் ஃபேன் இதே மின்சாரத்தை மூன்று நாளுக்குள் தின்றுவிடும். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க் சும்மா சுற்றும்போது இழுப்பதே ஒரு வாட்டை ஒட்டித்தான். அதில் மிச்சம் பிடிப்பது பேட்டரிக்கு உதவும், பில்லுக்கு உதவாது.

இதைச் சொல்வதால் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு யாரும் அப்படிப் பேச முடியாது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், அதை ஒட்டி வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம். எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2024 மார்ச்சில் அத்திப்பட்டில் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஊருக்கெல்லாம் போகிற யூனிட்டின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் இறங்குகிறது. ஆகவே சேமிக்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் பார்க்காமல் எரிந்துகொண்டிருக்கும் மானிட்டரை 5 நிமிடத்தில் அணைய வைத்தால், டிஸ்க்கை நிறுத்திப் பெறுவதைப்போலப் பல மடங்கு மிச்சமாகும். அதனால் யாருக்கும் எந்தத் தேய்மானமும் இல்லை. இரவு கடை மூடும்போது கம்ப்யூட்டரையே ஸ்லீப்பில் போட்டுவிட்டால் டிஸ்க் கணக்கே தனியாக வேண்டாம்.

அப்படியானால் இந்த ஏற்பாடு எதற்கு வந்தது? பேட்டரிக்காக. 1990களின் தொடக்கத்தில் லேப்டாப் பேட்டரி சில மணி நேரம் தாங்கினாலே பெரிது. அதில் திரையும் டிஸ்க்கும்தான் பெரிய தீனிக்காரர்கள். 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கம்ப்யூட்டரின் மின்சாரத்தை ஆளும் முதல் பொதுவிதியைக் கொண்டுவந்தன. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் முத்திரையும் வந்தது. 1996 கடைசியில் ஏ.சி.பி.ஐ. என்ற விரிவான விதி வந்து, எந்தப் பாகத்தை எப்போது தூங்கவைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கையில் கொடுத்தது. லேப்டாப்பை மனத்தில் வைத்துப் பிறந்த பழக்கம் மேசைக் கம்ப்யூட்டருக்கும், பிறகு வெளி டிஸ்க்குக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இப்போது டிஸ்க்கின் உள்ளே. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தட்டுகள். அந்தச் சுழற்சி கிளப்பும் காற்றின் மேல், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட். தட்டு நின்றால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் ஹெட் விழும். அதனால் மோட்டார் நிற்பதற்கு முன்பே ஹெட்டை ஓரத்துக்கு இழுத்துச் சென்று ஒரு பிளாஸ்டிக் சரிவின் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். பழைய டிஸ்க்குகளில் இந்தச் சரிவு கிடையாது. தட்டின் உள்வட்டத்தில் எழுத்தில்லாத ஒரு பகுதியில் ஹெட் நேரடியாக இறங்கி உட்காரும். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் உராயும். "டிஸ்க்கை அடிக்கடி அணைக்காதே" என்ற பழைய பேச்சு அந்தக் காலத்து உண்மை.

டிஸ்க்குகள் பேசும் ஏ.டி.ஏ. விதிமுறையில் நான்கு நிலைகள் உண்டு. படிப்பதும் எழுதுவதுமாக இருப்பது ஆக்டிவ். சும்மா சுற்றுவது ஐடில். மோட்டார் நின்று, கூப்பிட்டால் எழக் காத்திருப்பது ஸ்டேண்ட்பை. அதற்கும் கீழே ஸ்லீப். அதில் கிடக்கும் டிஸ்க்கைச் சாதாரணமாகக் கூப்பிட்டு எழுப்ப முடியாது, ரீசெட் கொடுக்க வேண்டும். நம் கடைகளில் ஸ்டேண்ட்பைக்குக் கீழே போக வேண்டிய தேவை வருவதில்லை. உண்மையான விவகாரமெல்லாம் ஐடில் என்ற நடுநிலையில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் அதையே பல படிகளாக உடைத்துவிட்டார்கள். முதல் படியில் எலக்ட்ரானிக்ஸில் கொஞ்சம் அணையும். அடுத்ததில் ஹெட் சரிவில் ஏறி ஒதுங்கும், தட்டு முழு வேகத்தில் சுற்றும். அதற்கும் அடுத்ததில் சுற்றும் வேகமே குறையும். கடைசியில்தான் மோட்டார் நிற்கும். ஹெட் ஒதுங்கினால் காற்றின் இழுவை குறைந்து மோட்டாருக்குச் சுமை குறையும். மிச்சமாவது ஒரு வாட்டுக்குள்தான்.

அந்த ஒரு வாட்டுக்குள் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வகை டிஸ்க்குகளில் 8 விநாடி யாரும் தொடாவிட்டால் ஹெட் தானாக ஒதுங்கும்படி ஃபர்ம்வேரிலேயே, அதாவது டிஸ்க்குக்குள் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே, எழுதியிருந்தார்கள். இந்த ஒதுங்கல்களுக்குச் சொல்லப்பட்ட தாங்கும் அளவு 3,00,000. கேட்க மிகப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. லினக்ஸ் போன்ற சிஸ்டம் ஏதோ ஒரு பதிவை 30 விநாடிக்கு ஒரு முறை டிஸ்க்கில் எழுதுகிறது என்று வையுங்கள். 8 விநாடியில் ஹெட் ஒதுங்கும், 30ஆவது விநாடியில் திரும்ப வரும். நிமிடத்துக்கு 2, மணிக்கு 120, நாள் முழுக்க ஓடினால் 2880. மூன்று லட்சத்தை எட்ட 104 நாள் போதும். லேப்டாப் டிஸ்க்குகளில் இதே கதை அதற்கு முன்பே நடந்தது. 2007 வாக்கில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்தியவர்களிடையே "என் டிஸ்க்கை இது தின்கிறது" என்று பெரிய கூச்சல் எழுந்தது இதனால்தான். தப்பு உபுண்டுவுடையதா, டிஸ்க்கின் ஃபர்ம்வேருடையதா என்று அடித்துக்கொண்டார்கள். டிஸ்க் ஒரு தாளத்தில் தூங்க நினைக்க, சிஸ்டம் வேறொரு தாளத்தில் எழுப்பிக்கொண்டிருந்தது. கிரீன் டிஸ்க்குகளுக்கு அந்த 8 விநாடியை 300 விநாடி வரை நீட்டிக்க ஒரு சிறு மென்பொருள் பிறகு புழக்கத்துக்கு வந்தது.

மூன்று லட்சம் தாண்டிய மறுநாளே டிஸ்க் செத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த எண் வடிவமைப்பில் உறுதி சொன்ன அளவு. அதைத் தாண்டியும் ஓடுகிற டிஸ்க்குகள் நிறைய உண்டு. ஆனால் ஒரு வாட்டுக்குள்ளான மிச்சத்துக்காக அந்த எண்ணை நாலே மாதத்தில் கரைப்பது முட்டாள்தனம்.

இந்த எண்ணை நம் கண்ணால் பார்க்க முடியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் ஆரோக்கியக் குறிப்பு அட்டவணையாக விரியும். அதில் சி1 என்ற வரிசைதான் ஹெட் ஒதுங்கிய கணக்கு. லினக்ஸில் இதே வரிசைக்கு எண் 193. 04 என்ற வரிசை மோட்டார் நின்று கிளம்பிய கணக்கு. 09 ஓடிய மணி நேரம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் தெரியும் எண்கள், நாமாக மாற்றாதவரை, பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் காட்டப்படும். அதில் 20000 என்று தெரிந்தால் உண்மையில் 1,31,072. "இருபதாயிரம்தானே" என்று நிம்மதியாக மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபங்ஷன் மெனுவில், அட்வான்ஸ்டு ஃபீச்சர் என்பதற்குள், ரா வேல்யூஸ் என்ற இடத்தில் 10 என்பதைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பழகிய எண்ணாக மாறிவிடும்.

அடுத்தது மோட்டார். நின்ற தட்டுகளை முழு வேகத்துக்குக் கொண்டுவர 3.5 அங்குல டிஸ்க் சில விநாடிகளுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். அந்த எட்டுப் பத்து விநாடிச் செலவை, நிறுத்தி வைத்ததில் கிடைத்த 4 வாட் மிச்சம் ஒரு நிமிடத்துக்குள் ஈடுகட்டிவிடும். மின்சாரக் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டு நிமிடம் சும்மா இருந்தாலே நிறுத்தலாம். ஆனால் தேய்மானக் கணக்கு வேறு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது ஆட்டோவை அணைத்துவிட்டு உட்காரலாம், எம்.சி. ரோட்டுத் தீபாவளிக் கூட்டத்தில் நாலடிக்கு ஒரு முறை அணைத்து அணைத்துக் கிளப்பினால் பெட்ரோல் மிச்சமாகும், வண்டி மிஞ்சாது.

மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகளுக்கு நின்று கிளம்பும் அளவாகப் பரவலாகச் சொல்லப்பட்ட எண் 50,000. அந்த 20 நிமிடக் கெடுவில், மிக மோசமாகப் போனாலும் மணிக்கு மூன்று முறைக்கு மேல் நிற்க முடியாது. பத்து மணி நேரக் கடையில் நாளுக்கு 30. நாலரை ஆண்டு தாங்கும். நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஆகவே 20 நிமிடம் என்பது மோசமான எண் இல்லை. "இன்னும் மிச்சம் பிடிக்கிறேன்" என்று அதை 3 நிமிடமாகக் குறைக்கிறவர்தான் டிஸ்க்கைக் கொல்கிறார்.

நின்று கிளம்புவது உண்மையிலேயே டிஸ்க்கைக் கெடுக்கிறதா என்பதற்கு ஓரளவு பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். இரண்டு வயது வரையான டிஸ்க்குகளில் மின்சாரம் போய் வந்த எண்ணிக்கைக்கும் பழுதுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்டவற்றில், அதிகமாக அணைத்துப் போடப்பட்டவற்றின் ஆண்டுப் பழுது விகிதம் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. ஆனால் ஏற்கெனவே சிக்கல் உள்ள கம்ப்யூட்டரைத்தான் ரிப்பேருக்காகத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவார்கள், ஆகவே இது காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம் என்று அவர்களே எச்சரித்தார்கள். அதே ஆய்வில் வெப்பம், எல்லோரும் நினைத்த அளவுக்கு வில்லனாகத் தெரியவில்லை. வயதான டிஸ்க்கும் மிக அதிகச் சூடும் சேர்ந்தபோதுதான் அது தலைகாட்டியது.

வெப்பத்தைவிட நமக்கு அக்கறையான எதிரி ஈரம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று, வெளிக்காற்றால் குளிர்விக்கப்படும் டேட்டா சென்டர்களில் டிஸ்க் பழுதுக்குக் காற்றின் ஈரப்பதம்தான் முதன்மையான சூழல் காரணமாகத் தெரிகிறது என்று சொன்னது. கெடுவது பெரும்பாலும் தட்டுகள் இல்லை, டிஸ்க்கை ஆளும் மின்சுற்றான கன்ட்ரோலரும் இணைப்புகளும். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடல் பக்கம் ஜன்னல் வைத்த அறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையின் நட்சத்திரத் திருகுகளைக் கழற்றிப் புரட்டிப் பாருங்கள். மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் போகும் சிறு தொடுபுள்ளிகள் பளபளப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போயிருக்கும். பென்சில் அழிரப்பரால் தேய்த்தால் மினுமினுப்பு திரும்பும். கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியாமல் போன டிஸ்க் சில நேரம் அதிலேயே எழுந்துகொள்ளும். மூடியில் "இந்தத் துளையை மூடாதே" என்று எழுதிய சிறு ஓட்டையையும் அப்போது பார்க்கலாம். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளைத் தவிர மற்றவை இந்தத் துளை வழியாக, வடிகட்டி ஒன்றைத் தாண்டி, வெளிக்காற்றோடு மூச்சு விடுகின்றன. சூடானால் காற்று வெளியே, ஆறினால் காற்று உள்ளே.

மின்சேமிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால் அதன் பலகையை ஒட்டி ஈரம் தங்குவதில்லை. நிறுத்தி நிறுத்தி வைக்கும் டிஸ்க் ஆறுகிறது. இதைச் சாக்காக வைத்து எல்லா டிஸ்க்கையும் இரவு பகலாகச் சுற்ற விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "பத்திரமாக இருக்கட்டும்" என்று பீரோவின் அடித்தட்டில் வருடக்கணக்கில் படுக்க வைத்திருக்கும் டிஸ்க், ஓடுகிற டிஸ்க்கைவிடப் பாதுகாப்பானது என்று இந்தக் கடற்கரையில் யாரும் நம்ப வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, அவ்வப்போது எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நிறுத்தி வைப்பதில் ஒரு லாபம் உண்டு, அது பில்லில் தெரியாது. மின்சாரம் திடீரென்று போனால் சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க் என்ன செய்கிறது? தட்டுகளின் சுழற்சி வேகம் உடனே அடங்காது. அந்த மிச்சச் சுழற்சியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி ஒரு சொட்டு மின்சாரம் தருகிறது. அதைக்கொண்டு ஹெட்டை அவசரமாகச் சரிவில் ஏற்றிவிடுகிறார்கள். அழகான ஏற்பாடு, ஆனால் முரட்டுத்தனமானது. நிதானமாக ஒதுங்குவதைவிட இதில் அடி அதிகம். இந்தக் கணக்கு சி0 என்ற வரிசையில் ஏறும். யு.பி.எஸ். இல்லாத கடையின் டிஸ்க்கில் அந்த வரிசையைப் பார்த்தால் அந்தத் தெருவின் மின்தடை வரலாறே தெரியும். வெளி டிஸ்க்கின் வயரை 'சேஃப்லி ரிமூவ்' சொல்லாமல் பிடுங்குகிறவர்களின் வரலாறும் அதில்தான் இருக்கிறது. கரண்ட் போகும் நேரத்தில் டிஸ்க் ஏற்கெனவே ஸ்டேண்ட்பையில் இருந்தால் அதற்கு இந்த அடியே இல்லை, ஹெட் முன்பே ஒதுங்கிவிட்டது. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் வட சென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களில், பழைய ஆல்பம் வைத்திருக்கும் டிஸ்க் தூங்கிக்கொண்டிருப்பதே நல்லது.

இனி, எதை எப்படி மாற்றுவது. செட்டிங்கை மாற்றியும் பலன் இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்காத விஷயம், ஒரு டிஸ்க்குக்கு மூன்று எஜமானர்கள் என்பது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று. டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேர் இரண்டு. வெளி டிஸ்க்காக இருந்தால் அதன் பெட்டிக்குள் யு.எஸ்.பி.யை மொழிபெயர்க்கும் சிறு சிப் மூன்று. விண்டோஸில் 'நெவர்' என்று போட்ட பிறகும் வெளி டிஸ்க் தூங்கினால் அந்த மூன்றாவது எஜமானரின் வேலை அது. அதை மாற்ற அந்தத் தயாரிப்பாளரே கொடுக்கும் மென்பொருள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். விண்டோஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்று வேறொரு வரியும் உண்டு. அது யு.எஸ்.பி. இணைப்பைத் தூங்கவைப்பது. டிஸ்க் திடீரென்று காணாமல்போய்த் திரும்பி வருகிறதென்றால் அதை அணைத்துப் பார்க்கலாம்.

லினக்ஸில் ஹெச்டிபார்ம் என்ற கருவி டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும். அதில் பெரிய பி (-B) என்ற விருப்பம் மின்சேமிப்பின் தீவிரத்தைக் குறிக்கும். 1 முதல் 127 வரை கொடுத்தால் மோட்டாரை நிறுத்த டிஸ்க்குக்கு அனுமதி உண்டு. 128 முதல் 254 வரை கொடுத்தால் ஹெட் ஒதுங்கலாம், மோட்டாரை நிறுத்தக் கூடாது. 255 கொடுத்தால் அந்த ஏற்பாடே அணையும், டிஸ்க் ஒப்புக்கொண்டால். டிக் டிக் சத்தம் போடும் பழைய லேப்டாப்புக்கு 254 போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பெரிய எஸ் (-S) என்ற விருப்பம், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற கெடு. இதன் எண்கள் விசித்திரமானவை. 240 வரை ஒவ்வொன்றும் 5 விநாடி, எனவே 240 என்றால் 20 நிமிடம். 241 என்றால் அதோடு 5 விநாடி கூடும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அங்கிருந்து கணக்கு அரை மணி நேரமாக மாறுகிறது. 241 என்றால் 30 நிமிடம், 242 என்றால் ஒரு மணி நேரம். 20 என்று போட்டுவிட்டு 20 நிமிடம் என்று நம்புகிறவரின் டிஸ்க் 100 விநாடி சும்மா இருந்தாலே நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்தால் இந்த மாற்றங்கள் போய்விடக்கூடும் என்பதால் ஹெச்டிபார்மின் அமைப்புக் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும். மேக் கம்ப்யூட்டரில் முடிந்தபோதெல்லாம் டிஸ்க்கைத் தூங்கவைக்கும் ஒரே ஒரு பொத்தான்தான். அணைக்கலாம், போடலாம், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: நிறுத்தச் சொல்லியும் டிஸ்க் நிற்கவில்லை. பெரும்பாலும் யாரோ எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆன்டிவைரஸ், விண்டோஸின் தேடல் அட்டவணை, கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவு, சில நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க்கின் சூட்டைப் படிக்கும் மென்பொருள் என்று சந்தேக நபர்கள் நிறைய. ஆரோக்கியம் பார்க்க வைத்த மென்பொருளே டிஸ்க்கைத் தூங்கவிடாமல் அடிப்பது இந்தத் தொழிலின் தினசரி வேடிக்கை.

என் கையில் இருந்தால் இப்படித்தான் வைப்பேன். விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருந்து, வேலைக் கோப்புகள் மட்டும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற டி.டி.பி. கடையில், பகலில் அந்த டிஸ்க்கை நிறுத்தவே விடமாட்டேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு முறை பத்து விநாடி உறைவது 40 ரூபாய்க்குத் தகாது. ஸ்டுடியோக்களில் ஆல்பம் வைத்திருக்கும் டிஸ்க்குகளுக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரக் கெடு. தினமும் தொடாதவை என்றால் வயரையே முறைப்படி கழற்றி வைப்பது இன்னும் மேல். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே இல்லை, அது மில்லிவிநாடிக் கணக்கில் தானாகவே தூங்கி எழும். அதற்காக இந்த 20 நிமிட வரியைத் திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை.

கண்காணிப்புக் கேமரா டி.வி.ஆர். பெட்டி தனி ரகம். சென்னைப் போலீசார் 'மூன்றாவது கண்' என்று கடை கடையாகக் கேமரா வைக்கச் சொன்ன பிறகு, வட சென்னையின் பல மளிகைக் கடைகளில்கூட ஒரு டிஸ்க் இரவு பகலாக ஓடுகிறது. அதற்கென்றே பர்ப்பிள், ஸ்கைஹாக் என்ற பெயர்களில் டிஸ்க்குகள் விற்கிறார்கள், கொஞ்சம் விலை கூட. மிச்சம் பிடிக்க, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய கிரீன் டிஸ்க்கைப் போடுகிறவர்கள் உண்டு. கேமரா இடைவிடாமல் பதிவு செய்தால் பரவாயில்லை, ஹெட் ஒதுங்க நேரமே கிடைக்காது. ஆனால் இடம் மிச்சமாகட்டும் என்று, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் பதியும்படி வைத்துவிட்டால், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முறை ஹெட் வரும், போகும். தெருமுனைக் கடை என்றால் நாய், பூனை, சைக்கிள் எல்லாம் சேர்ந்து சி1 எண்ணைத் தூக்கிவிடும்.

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். காலையில் கடை திறந்ததும் சி1, 04 இரண்டு வரிசையையும் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு மூடும் முன் மறுபடி பாருங்கள். சி1 ஒரே நாளில் நூறுக்குள் ஏறியிருந்தால் எட்டு ஆண்டுக்குத் தாங்கும், தொட வேண்டாம். ஐநூறு, ஆயிரம் என்று ஏறியிருந்தால் ஃபர்ம்வேரின் கெடுவைத் தளர்த்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். 04 ஒரே நாளில் முப்பதுக்கு மேல் ஏறியிருந்தால் யாரோ அந்த 20 நிமிடத்தைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது யு.எஸ்.பி. பெட்டியின் சிப் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. இரண்டு எண்ணும் அசையவே இல்லை, ஆனால் டிக் டிக் சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது, கோப்புகள் திறக்கத் திணறுகின்றன என்றால் அது மின்சேமிப்பு விவகாரமே இல்லை. செட்டிங்கைத் தேடாமல் முதலில் வேறொரு டிஸ்க்கைத் தேடி, முக்கியமான கோப்புகளிலிருந்து காப்பி எடுக்கத் தொடங்குங்கள்.